பக்கத்தைத் தொடாமல் லிங்க் மட்டும் வாங்கினால் போதுமா? (ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் சைட்டை முன்வைத்து)

கேள்வி, 3 மார்ச்

அண்ணே, ஆத்தங்குடியில் அப்பா காலத்திலிருந்து டைல்ஸ் பட்டறை நடத்துகிறோம். சைட் இருக்கிறது, ஆனால் கூகுளில் தேடினால் எங்களுக்கு முன்னால் வெளியூர் டீலர்கள்தான் வருகிறார்கள். அதில் சிலர் எங்களிடமே சரக்கு எடுப்பவர்கள். ஒரு ஏஜென்சியில் பேசினேன். மாதாமாதம் பணம் கட்டினால் நூற்றுக்கணக்கில் பேக்லிங்க் (வேறு சைட்டுகளிலிருந்து நம் சைட்டுக்கு வருகிற லிங்க்) போட்டுத் தருகிறோம், சைட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்றார்கள். லிங்க்தான் எல்லாம், பக்கத்துக்குள் செய்கிற வேலை பழைய காலத்து எஸ்இஓ (தேடலில் முன்னால் வரச் செய்கிற வேலை) என்கிறார்கள். உண்மையா?

3 மார்ச், இரவு

கட்டாதீர்கள் தம்பி. பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த லிங்க்கெல்லாம் எந்தப் பக்கத்துக்கு வந்து சேரும் என்று கேட்டீர்களா? உங்கள் சைட்டை இப்போதுதான் திறந்து பார்த்தேன். முகப்புப் பக்கத்தின் டைட்டிலில் (தேடல் முடிவில் தெரிகிற தலைப்பு) "ஹோம்" என்று மட்டும் இருக்கிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஓடுகிற படங்களுக்குள் பொறித்து வைத்திருக்கிறீர்கள், அதைத் தேடுபொறி எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. கேலரியில் அவ்வளவு அழகான டிசைன்கள், ஒன்றுக்கும் பெயர் இல்லை. "எங்களைப் பற்றி" பக்கத்தில் தரம், நம்பிக்கை, வாடிக்கையாளர் திருப்தி என்று எந்த ஊர்க் கடைக்கும் பொருந்துகிற நாலு வரி.

ஒருவர் தானாக மனசு வந்து உங்களுக்கு லிங்க் கொடுக்க நினைத்தாலும் எதற்குக் கொடுப்பார்? வீடு கட்டுவதைப் பற்றி எழுதுகிற ஆர்க்கிடெக்டுக்கு, இது சூளையில் சுடாத டைல்ஸ் கல் என்று சொல்லிச் சுட்டிக்காட்ட ஒரு பக்கம் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தானுக்கு வந்துபோய் எழுதுகிறவருக்குப் பட்டறை எங்கே இருக்கிறது, எந்த நேரம் வந்தால் வேலை நடப்பதைப் பார்க்கலாம் என்று ஒரு பக்கம் வேண்டும். இரண்டும் உங்களிடம் இல்லை. இலை போடாமல் பந்திக்கு ஆள் கூப்பிடச் சொல்கிறது அந்த ஏஜென்சி.

மொத்தமாக வாங்குகிற லிங்க் ஒரு காலத்தில் வேலை செய்தது, அதை மறுக்கவில்லை. 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டு வந்ததும் அப்படிக் குவித்து வைத்திருந்த சைட்டுகள் சரிந்தன. 2016 செப்டம்பரில் அதை, முடிவுகளை வரிசைப்படுத்துகிற முக்கிய அல்காரிதத்தோடு சேர்த்துவிட்டு, போலி லிங்க்கைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்காமல் விடுகிற முறைக்கு மாறினார்கள். ஆக இன்று அந்தப் பணத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மோசமாகப் போனால் சர்ச் கன்சோலில் (சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தருகிற கருவி) கூகுள் ஆட்களே பார்த்து விதிக்கிற தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் என்று நோட்டீஸ் வரும்.

4 மார்ச், காலை

புது லிங்க்குக்கு அலைவதற்கு முன்னால், ஏற்கனவே வந்து வீணாய்ப் போனது எவ்வளவு என்று பாருங்கள். நம் பக்கத்துச் சைட்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவருக்கு நான் சைட் பார்த்துக்கொள்கிறேன். முன்பு புது டிசைன் போட்டுக் கொடுத்தவர்கள் பழைய முகவரிகளை அப்படியே துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டின் கதை, பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர் என்று உரிமையாளரே அக்கறையாக எழுதி வைத்திருந்த ஒரு பக்கம் அதில் போய்விட்டது. பயணக் கட்டுரை எழுதியவர்கள் லிங்க் கொடுத்திருந்தது அந்தப் பக்கத்துக்குத்தான். எல்லாம் 404ல் (பக்கம் இல்லை என்ற பதிலில்) முட்டிக்கொண்டு நின்றன. அந்தப் பக்கத்தை மறுபடி எழுதி, பழைய முகவரியிலிருந்து 301 ரீடைரக்ட் (புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) கொடுத்தோம். ஒருவரிடமும் போய்க் கேட்காமல், பத்திரிகைகளிலிருந்து வந்த லிங்க் உட்படத் திரும்பக் கிடைத்தன. இதை எந்த ஏஜென்சியாலும் விலைக்கு வாங்கித் தர முடியாது.

உங்களுக்கும் பார்க்கலாம். சர்ச் கன்சோலில் பேஜஸ் ரிப்போர்ட்டைத் திறந்து 404 வரிசையை எடுங்கள். ஒவ்வொரு முகவரியையும் அங்கேயே உள்ள யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டால் கூகுள் எந்தப் பக்கம் வழியாக அதைக் கண்டுபிடித்தது என்று பல நேரம் காட்டும். பழைய சைட் எப்படி இருந்தது என்றே மறந்துபோயிருந்தால் பழைய சைட்டுகளைச் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள்.

4 மார்ச், மதியம்

ரீடைரக்ட் பற்றி ஒரு சேர்க்கை. காணாமல் போன பக்கம் எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுகிறவர்கள் உண்டு, ஒரு வரியில் வேலை முடிந்துவிடும் என்று. சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் கூகுள் அதை சாஃப்ட் 404 (இல்லாத பக்கத்துக்குச் சமம்) என்று ஒதுக்கிவிடலாம். தயாரிப்புப் பக்கம் தயாரிப்புப் பக்கத்துக்கே போக வேண்டும். கூகுள் சொல்வது ரீடைரக்ட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள் என்று. நான் எடுப்பதே இல்லை, இருந்தால் என்ன செலவு?

4 மார்ச்

டபிள்யூடபிள்யூடபிள்யூ வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று, எச்டிடிபி ஒன்று, எச்டிடிபிஎஸ் ஒன்று என்று உங்கள் சைட் நாலு விதமாகத் திறக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதற்கே திருப்புங்கள். கனானிக்கல் டேகும் (எது மூல முகவரி என்று கூகுளுக்குச் சொல்கிற குறி) அந்த ஒன்றையே சொல்லட்டும்.

6 மார்ச்

சரி, என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் ஒரே ஒரு பக்கத்தில் ஆரம்பிப்பேன்: ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்யப்படுகிறது. இதைப் பற்றி இணையத்தில் ஏராளமாக இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவை ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எழுதியவை. தினம் செய்கிறவர் எழுதினால் அந்தப் பக்கத்தின் எடையே வேறு. சதுரக் கண்ணாடியை அடியில் வைப்பது, அதன்மேல் இரும்புச் சட்டம், டிசைன் அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் குழம்பை ஊற்றுவது, அச்சைக் கலங்காமல் தூக்குவது, உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவுவது, பின்பக்கம் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவது, அப்புறம் தண்ணீர்த் தொட்டி, வெயில். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது, சூளையே கிடையாது. இதை நீங்கள் சொன்னால் படிக்கிறவருக்குச் சந்தேகம் வராது.

எண்களைக் கட்டாயம் போடுங்கள். கல்லின் அளவு, கனம், எடை, உங்கள் பட்டறையில் தண்ணீரில் எத்தனை நாள் ஊறுகிறது, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை கல் ஊற்றுவார், மழை நாளில் என்ன ஆகும். எழுதுகிறவர்கள் தேடுவது இதைத்தான். ஒரு எண்ணை எடுத்துப் போட்டால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு வந்துவிடுகிறது, அங்கே லிங்க் தானாக விழுகிறது. உங்கள் சொந்தக் கணக்காக இருக்கட்டும், வேறு சைட்டிலிருந்து எடுத்துப் போட்டால் லிங்க் அவர்களுக்குத்தான் போகும்.

பக்கம் நீளமாகிவிடும், பரவாயில்லை. உள்தலைப்புகளை ஒழுங்காக எச்2வில் (உள்தலைப்புக்கான குறி) வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி (அந்த இடத்துக்கான பெயர், முகவரியில் ஹேஷ் குறிக்குப் பின்னால் வரும்) கொடுங்கள். பராமரிப்பைப் பற்றி எழுதுகிறவர் நேராக அந்த இடத்துக்கே லிங்க் கொடுக்கலாம். ஹேஷ் குறிக்குப் பின்னால் வருவதைக் கூகுள் தனிப் பக்கமாக எடுத்துக்கொள்வதில்லை, எனவே எந்த இடத்துக்கு லிங்க் வந்தாலும் பலன் அந்த ஒரே பக்கத்தில் சேரும்.

புகைப்படங்களைப் பட்டறையிலேயே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு வரி, ஆல்ட் டெக்ஸ்டில் (படத்துக்குப் பின்னால் எழுத்தாக வைக்கிற விளக்கம்) அதையே சுருக்கமாக. கடைசியில், "இந்தப் படங்களை எடுத்துப் பயன்படுத்தலாம், இந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள்" என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். நல்ல படம் கிடைக்காமல் தவிக்கிற எழுத்தாளர்கள் நிறையப் பேர்.

7 மார்ச்

தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று அப்பா தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு காரிலும் ஒருவர் இறங்கி வீடியோ எடுத்துக்கொண்டுதான் போகிறார், அந்த வீடியோவெல்லாம் அவர்கள் சேனலில் இருக்கிறது. கலவையின் விகிதத்தை எழுத வேண்டாம். அச்சைத் தூக்குகிற கைப்பக்குவத்தை எழுதினாலும் யாராலும் எடுத்துப் போக முடியாது.

10 மார்ச்

இனி உள்லிங்க், அதாவது நம் சைட்டுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கிற லிங்க். லிங்க் கிடைக்கிற பக்கம் ஒன்று, காசு வருகிற பக்கம் இன்னொன்று, இதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். விலைப் பட்டியலுக்கு யாரும் லிங்க் கொடுக்க மாட்டார்கள். கல் செய்யும் விதத்தைச் சொல்கிற பக்கத்துக்குக் கொடுப்பார்கள். அங்கே வந்த பலத்தை விற்கிற பக்கத்துக்குக் கடத்துவது உங்கள் கையில் இருக்கிறது. 1998ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் எழுதிய பேஜ்ரேங்க் யோசனையின் சாரமே அதுதானே: ஒரு பக்கத்துக்கு வருகிற மதிப்பு அது சுட்டுகிற பக்கங்களுக்குப் பிரிந்து போகிறது. அதற்கப்புறம் கூகுள் எவ்வளவோ மாறிவிட்டது, இந்த அடிப்படை இன்னும் உயிரோடு இருக்கிறது.

எனவே வண்ணம் ஊற்றுவதைப் பற்றிச் சொல்கிற பத்தியிலேயே, "முற்றத்துக்குப் போடுகிற பூ டிசைன்கள்" என்று அந்தத் தொகுப்புப் பக்கத்துக்கு ஒரு லிங்க். பதிப்பதைப் பற்றிச் சொல்கிற இடத்தில் ஆர்டர் பக்கத்துக்கு ஒன்று. "இங்கே கிளிக் செய்யவும்" வேண்டாம், போகிற இடம் என்னவென்று அந்த வார்த்தைகளே சொல்லட்டும். படத்தையே லிங்க்காக வைத்தால் அதன் ஆல்ட் டெக்ஸ்ட்தான் ஆங்கர் டெக்ஸ்டின் (லிங்க்காகத் தெரிகிற சொற்களின்) வேலையைச் செய்யும், அதை வெறுமையாக விட்டால் அந்த லிங்க் ஊமை.

உங்கள் கேலரியில் இன்னொன்று கண்ணில் பட்டது. டிசைனை அமுக்கினால் பெரிதாகத் திறக்கிறது, ஆனால் அது ஜாவாஸ்கிரிப்டில் செய்த பொத்தான், லிங்க்குக்கான ஏ டேகும் போகிற முகவரியைச் சொல்கிற எச்ரெஃபும் இல்லை. கூகுள் நம்பிப் பின்தொடர்வது எச்ரெஃப் உள்ள லிங்க்கை. இப்போதைக்கு உங்கள் டிசைன் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு முகவரி கிடையாது. பெங்களூரில் ஒருவர் அந்தக் கரும்பச்சை டிசைனைப் பார்த்து ஆசைப்பட்டு நண்பருக்கு அனுப்ப நினைத்தால், எதை அனுப்புவார்?

11 மார்ச்

ஆங்கர் டெக்ஸ்ட் பற்றி நேற்று எழுதியது உள்ளே கொடுக்கிற லிங்க்குக்கு. வெளியிலிருந்து வருவதற்கு இதே விதியைக் கொண்டு போகாதீர்கள். "ஆத்தங்குடி டைல்ஸ் விலை என்ற வார்த்தைகளில்தான் லிங்க் கொடுக்க வேண்டும்" என்று யாரிடமும் கேட்கக் கூடாது. பத்து சைட்டில் அச்சடித்த மாதிரி ஒரே சொற்கள் வந்தால் அது ஏற்பாடு செய்தது என்று முகத்திலேயே எழுதியிருக்கும்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, யோசிக்க யோசிக்க எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. லிங்க் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? பக்கத்தின் தலைப்பைக் காப்பி எடுத்து அதையே ஆங்கராகப் போடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் வருவதும் டைட்டில்தான். அதனால் டைட்டிலையும் எச்1ஐயும் (பக்கத்துக்குள் தெரிகிற முதன்மைத் தலைப்பு) எழுதும்போது, இன்னொருவர் தன் கட்டுரைக்கு நடுவில் இதை ஒரு வார்த்தையும் மாற்றாமல் வைத்தால் இயல்பாக இருக்குமா என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "ஆத்தங்குடிக் கல்: கண்ணாடி மேல் ஊற்றுவதிலிருந்து வெயிலில் காய்வது வரை" என்று இருந்தால் யாரும் அப்படியே எடுத்துப் போடுவார்கள். "பெஸ்ட் டைல்ஸ், நம்பர் 1 டைல்ஸ், குறைந்த விலை டைல்ஸ்" என்று இருந்தால் கூச்சப்பட்டு ஏதாவது வேறு போடுவார்கள், அல்லது லிங்க்கே கொடுக்க மாட்டார்கள். தவிர, 2021 ஆகஸ்டிலிருந்து இந்த மாதிரித் திணித்த டைட்டிலைக் கூகுள் முடிவுகளில் தானே மாற்றிக் காட்டுவது அதிகமாகிவிட்டது, அப்போது எச்1லிருந்து எடுத்துக்கொள்வதும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகட்டும்.

14 மார்ச்

தேவகோட்டையிலிருந்து பலகாரம் செய்து அனுப்புகிற ஆச்சி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், அவருடைய பேத்தி சைட்டைப் பார்த்துக்கொள்கிறாராம். ஆச்சி, பதிலை இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் வருடத்தை முகவரியில் போட்டுப் புதுப் பக்கம் திறக்கிறீர்கள், தீபாவளி முடிந்ததும் எடுத்துவிடுகிறீர்கள். போன வருடப் பக்கத்துக்குச் சமையல் எழுதுகிறவர்கள் கொடுத்த லிங்க் அதோடு செத்துப் போகிறது. வருடம் இல்லாத ஒரே முகவரியை வைத்துக்கொள்ளுங்கள். விலை, அனுப்பும் தேதி, இந்த முறை மனகோலம் உண்டா, மாவுருண்டை உண்டா என்பதை உள்ளே மாற்றினால் போதும். பண்டிகை இல்லாத மாதங்களில் அதே பக்கத்தில் எந்தப் பலகாரம் எத்தனை நாள் கெடாது, எப்படி எடுத்து வைப்பது என்று இருக்கட்டும். அப்படியே வருடா வருடம் அதன்மேல் ஏறிக்கொண்டு போகும்.

கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்களுக்கும் இதைச் சொல்வேன். 2019 ஆகஸ்டில் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படி ஒரு செய்தி வருகிற நாளில் பத்திரிகைக்காரர் சுட்டிக்காட்ட, நெய்கிறவர்களே எழுதிய ஒரு பக்கம் தயாராக நிற்க வேண்டும். செய்தி வந்தபிறகு எழுத உட்கார்ந்தால் அவர் அடுத்த செய்திக்குப் போயிருப்பார்.

15 மார்ச்

நோஃபாலோ லிங்க்கால் பயன் உண்டா என்று கேட்டவருக்கு: 2005ல் வந்தது அது, இந்த லிங்க்கை என் பரிந்துரையாக எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்கிற குறி. 2019ல் கூகுள் அதை உத்தரவாக எடுக்காமல் குறிப்பாக எடுத்துக்கொள்வதாக அறிவித்து, கூடவே ஸ்பான்சர்ட் (காசு கொடுத்த லிங்க்), யுஜிசி (வாசகர்கள் போடுகிற லிங்க்) என்று இரண்டையும் சேர்த்தது. விக்கிப்பீடியாவின் வெளிலிங்க் எல்லாமே நோஃபாலோதான். ஆனாலும் அதைப் பார்த்து வருகிற ஆளில் ஒருவர் நாளைக்குக் கட்டுரை எழுதுவார், அந்த லிங்க் நல்ல லிங்க்காக இருக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

19 மார்ச்

உங்கள் புதுப் பக்கத்தைப் பார்த்தேன் தம்பி. எழுத்து ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, அந்தத் தண்ணீர்த் தொட்டிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். ஆனால் போனில் திறக்க எவ்வளவு நேரம்! கேமராவிலிருந்து வந்த படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். கூகுளின் அளவுகோல், பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது, அதுவும் இப்போது மொபைல் பக்கத்தை வைத்துத்தான் சைட்டை இண்டெக்ஸ் செய்கிறார்கள் (தேடலுக்காகப் பதிந்து வைப்பது). அளவுகோலை விடுங்கள், உங்களைப் பற்றி எழுத வந்தவர் கானாடுகாத்தான் தெருவில் நின்றுகொண்டு பலவீனமான சிக்னலில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கவில்லை என்றால் வேறு யாருடைய பக்கத்துக்கோ லிங்க் போய்விடும். படங்களைச் சுருக்கி வெப்பி (WebP) என்ற சிறிய கோப்பு வடிவத்தில் போடுங்கள், அகலம் உயரத்தைக் குறிப்பிடுங்கள், படிக்கும்போது வரிகள் கீழே குதிக்காமல் இருக்கும்.

ஓபன் கிராஃப் படமும் (லிங்க்கைப் பகிரும்போது கூடவே தெரிகிற படம்) இல்லை. 1200க்கு 630 பிக்சலில், டிசைன் தெளிவாகத் தெரிகிற ஒன்றைப் போடுங்கள். நம் ஊரில் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் ஆரம்பிக்கிறது. வீடு கட்டுகிறவர் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பி, அவர் இன்ஜினியருக்கு அனுப்பி, இன்ஜினியர் தன் சைட்டில் போடுவார். அந்த வரிசையில் முதல் ஆள் வெறும் சாம்பல் கட்டத்தைப் பார்த்தால் அமுக்கவே மாட்டார்.

22 மார்ச்

தமிழா ஆங்கிலமா என்ற கேள்விக்கு: இரண்டும், தனித்தனி முகவரியில், ஹெச்ரெஃப்லாங் (எந்தப் பக்கம் எந்த மொழி என்று கூகுளுக்குச் சொல்கிற குறி) போட்டு. மேலே மொழி மாற்றும் பெட்டி வைத்து அந்த நேரத்தில் இயந்திரம் மொழிபெயர்க்கிற வசதியைத் தமிழ்ப் பக்கம் என்று கணக்கில் வைக்க முடியாது, கூகுளுக்கு இண்டெக்ஸ் செய்ய அங்கே தனியாக ஒரு பக்கம் இல்லை. தமிழ்ப் பக்கத்தை அப்பா பேசப் பேச எழுதுங்கள். தமிழில் டைல்ஸ் பற்றி ஆழமாக எழுதியவர்கள் குறைவு, ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுத வந்தால் முதலில் அகப்படுவது நீங்களாக இருப்பீர்கள்.

முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக வையுங்கள். தமிழ் எழுத்தில் உள்ள முகவரியைக் காப்பி எடுத்து ஒட்டினால் பல இடங்களில் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும், பாதியில் அறுந்தும் போகும். அறுந்த லிங்க் யாருக்கும் உதவாது.

29 மார்ச்

இப்போது போய்க் கேட்கலாம். யாரிடம்? உங்கள் கல்லைப் பதித்திருக்கிற விடுதிகளும் வீடுகளும்தான் முதலில். "எங்கள் கல் பதித்த இடங்கள்" என்று ஒரு பக்கம் திறந்து, ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு படம், எந்த டிசைன், எந்த அறை என்று போடுங்கள், அவர்கள் சைட்டுக்கு லிங்க் கொடுங்கள். அதை அவர்களுக்குக் காட்டுங்கள். தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லும் பக்கத்தில் தரையை யார் செய்தது என்று சொல்ல அவர்களுக்கும் விருப்பம்தான் இருக்கும். பதிலுக்குப் பதில் என்று பேரம் பேச வேண்டாம், கணக்குப் போட்டு மாற்றிக்கொள்கிற லிங்க்கைக் கூகுள் விரும்புவதில்லை.

அடுத்து, செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள். 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அதைத் தொட்டு எழுதிய கட்டுரைகளைத் தேடுங்கள், தரையைப் பற்றி ஒரு வரி எழுதி எதற்கும் லிங்க் கொடுக்காமல் விட்டவை அகப்படும். அவர்களுக்கு அனுப்ப வேண்டியது உங்கள் முகப்பு முகவரி இல்லை, அந்த வரிக்கு நேராகப் பொருந்துகிற உள்தலைப்பின் முகவரி. கடிதம் நாலு வரி போதும். கட்டிடக் கலை கற்பிக்கிற ஆசிரியர்களுக்கும் எழுதலாம், மாணவர்கள் களப்பணிக்கு வந்தால் பட்டறையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி காட்டவும் வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவரிடம் போனால் ஸ்பான்சர்ட் என்று குறிக்கச் சொல்லுங்கள். அது விளம்பரம், விளம்பரமாகவே இருக்கட்டும்.

12 ஏப்ரல்

பழைய ஆள் எப்போதோ போட்டுவிட்டுப் போன குப்பை லிங்க்குகளை டிஸவோ (கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்வது) செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் பகுதியைத் திறங்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால், அவை நீங்களே காசு கொடுத்துப் போட்டதும் இல்லை என்பதால், தொடாதீர்கள். அந்தக் கருவியில் நல்ல லிங்க் ஒன்றைத் தப்பாகச் சேர்த்துவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. அந்த நேரத்தைக் கேலரிக்குக் கொடுங்கள். டிசைன் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, பட்டறையில் நீங்கள் கூப்பிடுகிற பெயர், அச்சு பழையதா புதியதா, எந்த வீட்டில் பதித்தது. பெயர்கள் அப்பாவுக்குத்தான் தெரியும் என்றீர்களே, அவரை உட்கார வைத்து முதல் பத்து டிசைனுக்கு எழுதி இங்கே போடுங்கள், டைட்டில்களைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.